திமிங்கலமும் கூனியும் கண்ணுக்குத் தெரியாத பாசியும்: கடலின் சாப்பாட்டுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகள், கடற்கரையில் பழக்கமான மீனவ நண்பர்கள், வீட்டுப் பெரியவர்கள் என்று யாரிடம் திமிங்கலப் பேச்சை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென்கடலிலிருந்து வரும். திமிங்கலத்துக்கும் மிதவை உயிரிகளுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. நம் பக்கத்துக் கடலும் கடைசியில் வரும்.

திமிங்கலம் மீனா, இல்லையா?

இல்லை. நம்மைப் போலப் பாலூட்டி. நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது, வாலை மீன் மாதிரிப் பக்கவாட்டில் ஆட்டாமல் மேலும் கீழுமாக அடிக்கிறது. மூச்சு விட மேலே வந்தே தீர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

'திமிங்கிலம்' என்ற பெயருக்கு என்ன பொருள்?

திமி என்பது ஒரு பெரிய மீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குகிற ஒன்றுக்குத் திமிங்கிலகிலம் என்று பழைய நூல்களில் பெயர் உண்டு. ஒரே சொல்லுக்குள் உணவுச் சங்கிலியையே அடுக்கி வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் இருப்பதிலேயே பெரிய திமிங்கலத்துக்கு இந்தப் பெயர் பொருந்தவில்லை. 30 மீட்டர் நீளம் வரை வளரும் நீலத் திமிங்கலம் பெரிய மீன் எதையும் விழுங்குவதில்லை. அது தின்பது நம் சுண்டுவிரல் நீளம்கூட வராத ஒரு உயிரை.

அப்படி என்னதான் தின்கிறது?

கிரில். பார்க்க இறால் குஞ்சு மாதிரி இருக்கும். நம் வீட்டில் சென்னாக்கூனி வாங்கியிருப்பீர்களே, அதில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். வளைந்த உடம்பு, வெளிறிய இளஞ்சிவப்பு, ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சிறிய இரண்டு கறுப்புக் கண்கள். என் அம்மா முறத்தில் புடைத்துத் தூசு நீக்கி, வெறும் வாணலியில் வறுத்துக் கத்திரிக்காயோடு போடுவார். வறுக்கும்போது வரும் வாசனை தெரு முனை வரை போகும். கூனியும் கிரிலும் ஒரே குடும்பம் இல்லை, ஆனால் உருவத்திலும் வாழ்கிற விதத்திலும் நெருக்கம். அண்டார்டிக் கிரில் கொஞ்சம் பெரிது, 6 சென்டிமீட்டர் வரை வளரும், எடை ஒன்றிரண்டு கிராம், ஆயுள் ஐந்தாறு வருடம்.

ஒன்றிரண்டு கிராமை வைத்து எப்படி வயிறு நிரம்பும் என்றால், அவை தனித்தனியாகத் திரிவதில்லை. அடர்ந்த கூட்டங்களில் ஒரு கன மீட்டர் தண்ணீரில் 10,000க்கு மேல் இருக்கும். 2021ல் வெளியான ஓர் ஆய்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட திமிங்கலங்களின் முதுகில் கருவிகளை ஒட்டி, அவை ஒரு நாளில் எத்தனை முறை வாயைத் திறக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையோர நீலத் திமிங்கலம் இரை தேடும் பருவத்தில் நாளொன்றுக்குச் சுமார் 16 டன் தின்கிறது என்று வந்தது. ஒரு பத்துச் சக்கர லாரி லோடு. அதுவரை நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

பல் இல்லாமல் எப்படித் தின்ன முடிகிறது?

மேல்தாடையில் பல்லுக்குப் பதிலாகத் தட்டுகள் தொங்குகின்றன, பக்கத்துக்கு முந்நூறுக்கும் மேல். நம் நகம், முடி எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். ஒவ்வொரு தட்டின் உள் ஓரமும் நைந்து, தேங்காய் நார் போலப் பிசிறு பிசிறாக இருக்கும். எல்லாப் பிசிறும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் வாய்க்குள் ஒரு பெரிய வடிகட்டி தயார்.

திமிங்கலம் கிரில் கூட்டத்தை நோக்கி வேகமெடுத்து வந்து திடீரென்று வாயைப் பிளக்கிறது. தாடையிலிருந்து தொப்புள் வரை ஓடும் மடிப்புகள் விரிந்து, தொண்டை ஒரு பெரிய பலூன் மாதிரி உப்புகிறது. அந்த ஒரு வாயில் போகும் தண்ணீர் அதன் உடல் எடைக்கு ஈடாக இருக்கும். இவ்வளவு தண்ணீர் உள்ளே போனதும் எடை தாங்காமல் திமிங்கலம் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. பிறகு வாயை மூடி, தண்ணீரைத் தட்டுகளின் வழியாக வெளியே தள்ளி, உள்ளே தங்கியதை விழுங்குகிறது. மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இவ்வளவு சக்தி செலவாவதால் கிரில் சிதறிக் கிடந்தால் கட்டுப்படியாகாது, அடர்த்தியான கூட்டம்தான் வேண்டும். இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கடலில் மொத்தம் எத்தனை டன் கிரில் இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் திமிங்கலத்துக்கு முக்கியம்.

மனிதனை விழுங்கிவிடுமா?

நீலத் திமிங்கலத்தின் வாய் பெரிது, தொண்டைக் குழி சிறிது. ஒரு ஆள் அதில் போக வழியில்லை. 2021ல் அமெரிக்காவின் கேப் காட் பக்கம் சிங்கி இறால் எடுக்க மூழ்கிய ஒருவர் கூன்முதுகுத் திமிங்கலத்தின் வாய்க்குள் அகப்பட்டார், அது சில நொடிகளில் அவரை வெளியே துப்பிவிட்டது. மீன் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தபோது இடையில் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

மிதவை உயிரி என்றால் என்ன? ஒரு குறிப்பிட்ட பிராணியா?

இல்லை, அது ஒரு வாழ்க்கை முறையின் பெயர். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவில்லாமல் அது இழுத்த பக்கம் போகிற எல்லாமே மிதவை உயிரிகள். 'பிளாங்டன்' என்ற பெயரை 1887ல் வைத்தவர் ஜெர்மனியின் விக்டர் ஹென்சன், 'அலைந்து திரிவது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். கண்ணுக்கே தெரியாத பாசியும் மிதவைதான், வலையில் வந்து ஒட்டிக் கையை அரிக்கவைக்கும் சொறி மீனும், அதாவது ஜெல்லி மீனும், மிதவைதான். பிறந்த புதிதில் நண்டு, சிங்கி, பெரும்பாலான மீன்கள் எல்லாம் கொஞ்ச காலம் மிதவையாக இருந்துவிட்டுத்தான் வளர்கின்றன.

இரண்டு வகை முக்கியம். வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரிப்பது தாவர மிதவை. அதை மேய்வது விலங்கு மிதவை, கிரிலும் இதில் சேர்த்திதான்.

தாவர மிதவை எவ்வளவு சின்னது? அதனால் அவ்வளவு பெரிய கடலுக்குச் சோறு போட முடியுமா?

புரோகுளோரோகாக்கஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். வெப்பக் கடல்களில் ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இவ்வளவு இருந்தும் 1980கள் வரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் சாலி சிஸோமும் ராபர்ட் ஓல்சனும் கப்பலில் கொண்டுபோன ஒரு ஒளிக்கருவியில் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்து அகப்பட்டது. குளிர்ந்த கடல்களில் டையாட்டம் என்ற இன்னொரு வகை ராஜ்ஜியம் நடத்துகிறது. சிலிக்காவால், அதாவது கண்ணாடி செய்யும் பொருளால், தனக்கு மூடி போட்ட டப்பா மாதிரி ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் வாசலில் போட்ட புள்ளிக் கோலம் மாதிரி இருக்கும்.

எடையை மட்டும் பார்த்தால், உலகத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் அத்தனை உயிர்களிலும் இவை ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வரும். ஆனால் உலகத்தின் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை. மரம் தன் உழைப்பைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. இவை சேர்ப்பதே இல்லை, பிறக்கும், இரண்டாகும், சில நாள்களில் எதற்காவது இரையாகும். கையில் ரொக்கம் தங்காத கடை, ஆனால் நாள் முழுக்க வியாபாரம்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. உலகில் புதிதாக உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியைத் தாவர மிதவைகள் உண்டாக்குகின்றன, அது சரி. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதியைக் கடலுக்குள் இருக்கும் உயிர்களும் அழுகும் பொருள்களுமே செலவழித்துவிடுகின்றன. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கோடிக்கணக்கான வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த இருப்பு. 'மிதவை உயிரிகள் அழிந்தால் நாளைக்கே மூச்சு முட்டும்' என்று வரும் வாட்ஸாப் செய்திகளை நம்ப வேண்டாம். கவலைப்பட வேண்டியது மூச்சை நினைத்து அல்ல, சாப்பாட்டை நினைத்துத்தான். அவை குறைந்தால் மீன் குறையும்.

பெரிய உடம்புக்குப் பெரிய இரைதானே லாபம்? ஏன் பொடிசைத் தின்கிறது?

எல்லாரும் கேட்கும் கேள்வி, கேட்கவும் வேண்டிய கேள்வி. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும். மீதி நீந்தவும் மூச்சு விடவும் உடம்பைக் காக்கவும் செலவாகிவிடும், அல்லது கழிவாகப் போய்விடும். இது எல்லாக் கடலுக்கும் பொருந்தும் துல்லியமான விதி இல்லை, தோராயமான கணக்கு.

1,000 கிலோ தாவர மிதவை இருக்கிறது என்று வையுங்கள். அதைக் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் கோபிபாட் என்ற விலங்கு மிதவை தின்றால் 100 கிலோ கோபிபாட். அதை நெத்திலி தின்றால் 10 கிலோ நெத்திலி. நெத்திலியைச் சூரை தின்றால் ஒரு கிலோ சூரை. சூரையைச் சுறா தின்றால் சுறாவின் உடம்பில் ஏறுவது 100 கிராம். இப்போது தென்கடலுக்கு வாருங்கள். 1,000 கிலோ தாவர மிதவையைத் தின்று 100 கிலோ கிரில், அதைத் தின்று 10 கிலோ திமிங்கலம். முடிந்தது கதை. இடையில் தரகர் கிடையாது. அதே கடலிலிருந்து சுறாவைவிட நூறு மடங்கு அதிகமாகத் திமிங்கலத்துக்குக் கிடைக்கிறது. 150 டன் உடம்பைக் கட்டி மேய்க்க இந்தக் குறுக்குவழியை விட்டால் வேறு வழியில்லை.

எல்லாத் திமிங்கலமும் கிரில்தான் தின்னுமா?

இல்லை. தட்டு உள்ள இனங்கள் ஒரு பக்கம், பல் உள்ளவை இன்னொரு பக்கம். பல் உள்ளவற்றில் பெரியது ஸ்பெர்ம் திமிங்கலம். ஆயிரம் மீட்டருக்கும் கீழே, இருட்டில், ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுக் கணவாய் பிடிக்கும். ஓர்கா என்பது ஓங்கல் குடும்பத்தில் பெரியது. மீன், சீல், சமயத்தில் மற்றத் திமிங்கலங்களையும் கூட்டமாக வேட்டையாடும், திமிங்கிலகிலம் என்ற பெயர் உண்மையில் இதற்குத்தான் பொருந்தும்.

தட்டு உள்ளவற்றில் கூன்முதுகுத் திமிங்கலம் கிரிலும் தின்னும், சின்ன மீனும் தின்னும். இரைக்குக் கீழே வட்டமாக நீந்திக்கொண்டே மூச்சுக்காற்றைக் குமிழி குமிழியாக விடும். குமிழிகள் மேலே எழும்பி ஒரு வளையமாக, வலை மாதிரி நிற்க, மீன்கள் அதைத் தாண்டப் பயந்து நடுவில் ஒடுங்கும். அப்போது கீழேயிருந்து வாயைப் பிளந்துகொண்டு ஏறும். மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்கு மடி வலையை மனிதன் கண்டுபிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்பர்கிரிஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளிதழ்களில் 'திமிங்கல வாந்தி', 'திமிங்கல உமிழ்நீர்' என்று வருவது வாந்தியும் இல்லை, உமிழ்நீரும் இல்லை. செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் கட்டி. இந்தியாவில் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், கரையில் கிடைத்தால் வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

அண்டார்டிக் கடலில் மட்டும் ஏன் இவ்வளவு கிரில்?

ஆழத்தில் கிடக்கும் சத்துகள் அங்கே மேலே ஏறி வருகின்றன. கோடையில் சூரியன் மறைவதே அரிது. அப்புறம் பனி. குளிர்காலத்தில் கடல் மேல் உறையும் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில், பாறையில் பாசி படிவது போல, பழுப்புப் பச்சையாக ஒரு பாசி படிகிறது. கிரில் குஞ்சுகள் தலைகீழாக நின்று முன்கால்களால் அதைச் சுரண்டித் தின்றுதான் முதல் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பனி குறைந்த வருடத்தில் குஞ்சுகள் பிழைப்பது கஷ்டம். வளர்ந்த கிரில் அப்படியில்லை, பட்டினி கிடக்கும்போது தோலுரித்து முன்னைவிடச் சிறியதாகிக்கொள்ளும். ஆய்வகத்தில் 200 நாள்களுக்கு மேல் ஒன்றுமே தின்னாமல் உயிரோடு இருந்திருக்கிறது.

திமிங்கல வேட்டை எவ்வளவு மோசமாக இருந்தது?

1904ல் நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன் தென் ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கனில் வேட்டை நிலையம் தொடங்கினார். வெடிக்கும் ஈட்டியும் நீராவிப் படகும் ஏற்கெனவே வந்திருந்தன, பிறகு கடலிலேயே வெட்டி உருக்கும் ஆலைக் கப்பல்களும் வந்தன. எண்ணெய் எதற்கு என்றால் விளக்குக்குக்கூட இல்லை, பெரும்பாலும் சோப்புக்கும் மார்கரினுக்கும். 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக்கில் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. ஒரே பருவத்தில். 20ஆம் நூற்றாண்டு முழுக்க எல்லா இனத்தையும் சேர்த்து உலகில் சுமார் 29 லட்சம், அதில் 20 லட்சம் தென் கோளத்தில். அண்டார்டிக் நீலத் திமிங்கலம் வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 இருந்ததாகவும் 1970களின் தொடக்கத்தில் 360 அளவுக்கு வந்துவிட்டதாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் மிச்சம். இந்த எண்ணை எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் பழகவில்லை.

1966ல் நீலத் திமிங்கலத்துக்குப் பாதுகாப்பு வந்தது. அதற்குப் பிறகும் சோவியத் கப்பல்கள் பொய்க் கணக்கு எழுதிக்கொண்டு பிடித்தது 1993ல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி யாப்லோகோவ் சொல்லித்தான் வெளியே வந்தது. வணிக வேட்டைக்கான பொதுத் தடை 1982ல் முடிவாகி 1986ல் நடைமுறைக்கு வந்தது.

திமிங்கலம் குறைந்தால் கிரில் பெருகியிருக்க வேண்டுமே?

அப்படித்தான் அப்போது எல்லாரும் நினைத்தார்கள். ஆடு போனால் புல் மிஞ்சும் என்ற கணக்கு. 2021 ஆய்வின்படி வேட்டைக்கு முந்தைய திமிங்கலங்கள் தென்கடலில் வருடத்துக்குச் சுமார் 43 கோடி டன் கிரில் தின்றிருக்க வேண்டும். இன்றைக்கு அங்கே இருக்கும் மொத்தக் கிரிலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது! அவ்வளவையும் தின்ன ஆளில்லாமல் போனால் கடல் கிரிலால் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. தென்மேற்கு அட்லாண்டிக் பக்கத்தில் 1970களிலிருந்து கிரில் அடர்த்தி குறைந்துதான் வந்தது என்று 2004ல் வெளியான ஆய்வு காட்டியது.

பனி குறைந்தது ஒரு காரணம். இன்னொன்று, நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இதற்காகத்தான், திமிங்கலத்தின் எச்சம்.

தென்கடலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏராளம், ஆனால் தாவர மிதவை வளரத் துளி இரும்பும் வேண்டும், அது அங்கே கிடையாது. இரும்பு பெரும்பாலும் நிலத்தின் தூசியிலிருந்து வருவது, அண்டார்டிக்காவோ பனி மூடிய நிலம். கடைசியில் இரும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பாசியைத் தின்ற கிரிலின் உடம்பில். திமிங்கலம் அந்தக் கிரிலைத் தின்று கொழுப்பையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு, தேவைக்கு மிஞ்சிய இரும்பை வெளியே விடுகிறது. 2010ல் அளந்து பார்த்தபோது திமிங்கல எச்சத்தில் இரும்பின் செறிவு அந்தக் கடல் நீரில் இருப்பதைப் போல ஒரு கோடி மடங்கு அளவில் இருந்தது.

இங்கேதான் முதலில் சொன்ன மூச்சு வருகிறது. மீன் எந்த ஆழத்தில் வேண்டுமானாலும் கழிக்கும். திமிங்கலம் கீழே தின்றுவிட்டு மூச்சு விட மேலே வருகிறது, ஆழத்தில் நிறுத்தி வைத்திருந்த உடல் வேலைகளை மேலே வந்துதான் முடிக்கிறது. எச்சம் கட்டியாக மூழ்காமல் இளகலாக, செங்கல் நிறத்தில், மேகம் போல வெயில் படும் மேல்மட்டத்திலேயே பரவி நிற்கிறது. அதாவது உரம் விழவேண்டிய இடத்தில் சரியாக விழுகிறது. பாசி வளர்கிறது, கிரில் தின்கிறது, திமிங்கலம் தின்கிறது, மறுபடி உரம். கிடை போட்ட வயலில் நெல் நன்றாக வரும் என்று நம் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆட்டை விரட்டிவிட்டுப் புல்லை மட்டும் வளர்க்க முடியாது. நைட்ரஜனை வைத்து இதே வேலை அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் நடப்பதாக ஜோ ரோமனும் ஜேம்ஸ் மெக்கார்த்தியும் 2010ல் எழுதினார்கள், 'திமிங்கலப் பம்ப்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

கிரில் குறைந்ததற்கு எச்சம் போனது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், பனியின் பங்கு பெரிது. ஆனால் சங்கிலியின் உச்சியில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருப்பது என்று திமிங்கலத்தை வரைகிற பாடப்புத்தகப் படம் எனக்குத் தவறாகவே படுகிறது.

அப்படியானால் நாமே கடலில் இரும்பைக் கொட்டலாமே?

செய்து பார்த்திருக்கிறார்கள். ஜான் மார்ட்டின் என்ற கடலியலாளர் 1988ல் ஓர் உரையில், அரைக் கப்பல் இரும்பு கொடுங்கள், ஒரு பனியுகத்தைத் தருகிறேன் என்றார். இரும்பால் பெருகும் பாசி கரியமில வாயுவை உறிஞ்சி ஆழத்துக்குக் கொண்டுபோகும், பூமி குளிரும் என்பது அவர் கணக்கு. 1993ல் அவர் இறந்த சில மாதங்களில் அவருடைய எண்ணத்தை கலாபகோஸ் பக்கம் சோதித்தார்கள், பாசி உண்மையிலேயே பெருகியது. 2009ல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்கடலில் லோஹாபெக்ஸ் என்ற சோதனையை நடத்தின, 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புக் கரைசலைக் கலந்தார்கள். பாசி வந்தது, ஆனால் அங்கே சிலிக்கா குறைவு என்பதால் டையாட்டம் வரவில்லை, வந்த மெல்லிய பாசியைக் கோபிபாட் மேய்ந்துவிட்டது, கோபிபாட்டை இன்னொன்று தின்றது, கரியமில வாயு எதிர்பார்த்தபடி ஆழத்துக்குப் போகவில்லை. 2012ல் கனடாவின் மேற்குக் கரையில் ஒரு தனியார் முயற்சியில் சுமார் 100 டன் இரும்பு சல்பேட் கொட்டப்பட்டுப் பெரிய சர்ச்சையானது.

என் கருத்து, திமிங்கலத்தை விட்டுவைப்பதுதான் மலிவு. அதே சமயம் 'ஒரு திமிங்கலம் இத்தனை ஆயிரம் மரத்துக்குச் சமம்' என்று கார்பன் விலை போட்டுப் பாராட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. வருடத்துக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை நாம் விடுகிறோம், அதைத் துடைக்கும் பொறுப்பைத் திமிங்கலத்தின் தலையில் கட்டக்கூடாது.

திமிங்கலம் இறந்தால் என்ன ஆகும்?

கரை ஒதுங்காவிட்டால் மூழ்கும். 1987ல் கடலியலாளர் கிரெய்க் ஸ்மித்தின் குழு கலிபோர்னியா பக்கம், ஆயிரம் மீட்டருக்கும் கீழே, ஒரு எலும்புக்கூட்டைச் சுற்றி ஒரு ஊரே குடியிருப்பதைப் பார்த்தது. முதலில் சுறாவும் விலாங்கு போன்ற ஹேக் மீன்களும் சதையைத் தீர்க்கும், பிறகு புழுக்களும் நண்டுகளும், கடைசியில் எலும்பின் கொழுப்பை நம்பி வாழும் பாக்டீரியாக்கள் பல பத்து வருடங்களுக்கு. ஓசிடாக்ஸ் என்ற புழு 2002ல் மான்டரே விரிகுடாவில் அகப்பட்டது, அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. செடி போல எலும்புக்குள் வேர்விட்டு அமிலத்தால் கரைத்து உறிஞ்சும்.

நம் பக்கத்துக் கடலில் நீலத் திமிங்கலம் உண்டா?

உண்டு! இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸவிலும் கிழக்கே திருகோணமலையிலும் கரையிலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம். இவை அண்டார்டிக் நீலத் திமிங்கலத்தைவிடச் சற்றே சிறியவை, துருவம் பக்கம் போவதில்லை, வருடம் முழுக்க வட இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கின்றன. வெப்பக் கடலில் நீலத் திமிங்கலம் தின்ன என்ன இருக்கும் என்ற கேள்விக்கு இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் விடை தேடினார். 2003ல் கப்பலில் போகும்போது திமிங்கலத்தின் செக்கச்சிவந்த எச்சம் மிதப்பதைப் பார்த்ததுதான் தொடக்கம், இது இங்கேயே தின்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். பிற்பாடு எச்சத்தின் மரபணுவைச் சோதித்தபோது தெரிந்தது, இவை பெரும்பாலும் தின்பது கிரில் இல்லை, செர்ஜெஸ்டிட் என்ற இறால் குடும்பம். நம் சென்னாக்கூனியும் அந்தக் குடும்பம்தான். இதைப் படித்த அன்றைக்கு அடுக்களையில் இருந்த கூனி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திமிங்கலங்களுக்குப் பெரிய ஆபத்து கப்பல் மோதல். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று, அவை இரை தேடும் இடத்தின் மேலேயே போகிறது. 2022ல் எம்எஸ்சி என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்றவர்களும் செய்ய வேண்டும், சில மைல் சுற்றுதான்.

2019ல் மண்டபம் பக்கம் கடல் பச்சையானதும் சென்னையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததும் இதே மிதவைகளா?

ஆமாம், இரண்டுமே நாக்டிலுகா. ஆகஸ்டில் சென்னைக் கரையில் ஒளிர்ந்தது, செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பச்சையாகப் படர்ந்தது. அங்கே மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். ஒரே செல்தான், ஆனால் ஜவ்வரிசிப் பொடி மாதிரிக் கண்ணுக்கே தெரியும். அலை தட்டினால் ஒளிரும். பச்சை வகையின் உடம்புக்குள் இன்னொரு நுண்பாசி குடியிருக்கிறது, அந்த நிறம் அதனுடையது. அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, செவுளில் அடைத்து மீன்கள் சாகும், மண்டபம் பக்கம் நடந்தது அதுதான். மிதவை என்றாலே நல்லது என்று வைத்துக்கொள்ள முடியாது.

கிரில் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை. அண்டார்டிக் தீபகற்பம் முதல் தென் ஜார்ஜியா வரையுள்ள தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் வருடத்துக்கு 6,20,000 டன் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், 2025ல் அந்த வரம்பு ஆகஸ்டிலேயே எட்டப்பட்டு மீன்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் சிறிய அளவுதான், மறுக்கவில்லை. ஆனால் கப்பல்களும் அடர்த்தியான கூட்டத்தைத் தேடித்தான் போகின்றன, திமிங்கலமும் பெங்குயினும் போகிற அதே இடத்துக்கு. பிடிப்பதில் பெரும்பங்கு பண்ணை மீன்களுக்குத் தீவனமாகிறது. ஒமேகா-3 வேண்டுமென்றால் நமக்கு மத்தி இருக்கிறது.

திமிங்கலங்கள் திரும்பி வருகின்றனவா?

சில இனங்கள் நன்றாகவே. தென்மேற்கு அட்லாண்டிக்கின் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஒரு கட்டத்தில் 450 அளவுக்குக் குறைந்து, இப்போது 25,000 அளவுக்கு வந்துவிட்டன. அண்டார்டிக்கின் யானைத் தீவுப் பக்கம் 2019ல் சுமார் 150 துடுப்புத் திமிங்கலங்கள் ஒரே இடத்தில் இரை தின்பதைப் படம் பிடித்தார்கள். நீலத் திமிங்கலம்தான் மெதுவாக ஏறுகிறது.

மிதவை உயிரிகளை நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. நெருக்கமான நைலான் துணியைக் கூம்பு மாதிரித் தைத்து, வாய்க்குக் கம்பி வளையம், முனையில் ஒரு சின்ன பாட்டில். படகில் போகும் நண்பரிடம் கொடுத்து மெதுவாகப் பத்து நிமிடம் இழுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் இருட்டியபின். பகலில் ஆழத்தில் ஒளிந்திருக்கும் விலங்கு மிதவைகள் இரவில்தான் மேலே ஏறி வரும். பாட்டிலை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முதலில் கலங்கல் தண்ணீர் மாதிரித்தான் தெரியும், கொஞ்சம் பொறுங்கள். தூசி என்று நினைத்தது துள்ளும், அது கோபிபாட். கண்ணாடி மணி மாதிரி உருள்வது மீன் முட்டை. தலையில் முள் வைத்துக்கொண்டு தத்தித் தத்திப் போவது நண்டுக் குஞ்சு. கைபேசியில் மாட்டும் சின்ன லென்ஸ் இருந்தால் அதன் கண்கூடத் தெரியும். பார்த்து முடித்ததும் தாமதிக்காமல் கடலிலேயே திருப்பி ஊற்றிவிடுங்கள், பாட்டில் சூடேறினால் எல்லாம் செத்துப்போகும்.